பிள்ளைகள் குறைந்த ஊர்ப் பள்ளி: இணைப்புப் பேச்சு வந்தால் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை பதினைந்துக்கும் கீழே வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்து நாலு பேர் போகிறார்கள், ஒன்றாம் வகுப்புக்கு ஒரே ஒரு பிள்ளை வருகிறது. "அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துடுவாங்களாம்" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வந்த ஊர்களில் பாதி சாலை மறியலுக்குக் கிளம்புகிறது. மீதி "நம்ம கையில என்ன இருக்கு" என்று விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் முன்னால் ஊர் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதைச் செய்ய ஒரு நோட்டும் நாலைந்து பேரும் போதும்.

இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்த நிலைமை இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019-21 காலத்தில், தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறு விகிதம் 1.8. ஒரு தலைமுறை அதே எண்ணிக்கையில் தொடர 2.1 வேண்டும். ஆக, தமிழ்நாட்டில் பிள்ளைகள் பிறப்பதே குறைந்திருக்கிறது. பிறந்தவர்களில் பலரைத் தனியார் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. 2019-ல் மாணவர் இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. 2025-ல் 207 அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்ற செய்தி வந்தபோது சட்டென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் எந்தப் பள்ளியும் ஒரே வருடத்தில் பூஜ்யத்துக்கு வருவதில்லை. அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்களில் ஊர் கவனித்திருக்க வேண்டும்.

எந்த இணைப்பு என்று முதலில் கேளுங்கள்

"இணைப்பு" என்ற ஒரே சொல்லில் நாலு விதமான காரியம் நடக்கிறது. ஒன்று, நிர்வாக இணைப்பு. பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே இருக்கும் துறையோ பொறுப்பு அலுவலரோ மாறுவார்கள். ஆதிதிராவிடர் நலத் துறை, கள்ளர் சீரமைப்புத் துறை போன்றவற்றின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு இந்த வகை. இன்னொன்று, ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளை ஒரே தலைமையாசிரியரிடம் கொடுப்பது. மூன்றாவது, பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இந்தப் பள்ளியை மூடுவது. நாலாவதாக எழுத்தில் வராத ஒன்றும் இருக்கிறது: இருக்கும் இரண்டு ஆசிரியரில் ஒருவரை "மாற்றுப் பணி"யில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பள்ளி தானாகத் தேயும்வரை காத்திருப்பது.

உங்கள் ஊரில் பேசப்படுவது இதில் எது என்று தெரியாமல் கூட்டம் போடாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம், அதாவது பி.இ.ஓ.விடம், நேரில் போய்க் கேளுங்கள். "வாய்மொழியாகச் சொன்னார்கள்" என்றால், எழுத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உங்கள் கையில் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள்.

பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. பெரும்பாலான ஊர்கள் செய்யாத வேலையும் இதுதான். பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண் போன வருடங்களின் கதை. உங்களுக்கு வேண்டியது வரப்போகும் ஐந்து வருடங்களின் கணக்கு.

அந்தக் கணக்கு ஊரிலேயே இரண்டு பேரிடம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரிடம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பதிவேடு இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள், பிறப்பு, தடுப்பூசி விவரம் இருக்கும். இவர்கள் பதிவேட்டை உங்களிடம் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஆனால் எந்த வருடத்தில் எத்தனை பிறப்பு என்ற எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நீங்களே போய்க் கேட்டு எழுதுங்கள்.

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: எந்தத் தெரு, பிள்ளை பிறந்த வருடம், இப்போது எங்கே போகிறது, அடுத்த ஜூனில் எங்கே அனுப்பப்போகிறார்கள், ஏன். நூற்றைம்பது வீடு உள்ள ஊர் என்றால் இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும். காலையில் போகாதீர்கள், நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போயிருப்பார்கள்.

எழுதி முடித்ததும் நோட்டு உங்களுக்கு மூன்றில் ஒரு கதையைச் சொல்லும். பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் வேனில் வெளியே போகிறார்கள் என்றால் பள்ளியை மீட்க முடியும். பிள்ளைகளே இல்லை, ஐந்து வருடத்துக்கு மொத்தமாக எட்டுப் பிறப்புதான் என்றால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் வகுப்பு நிரம்பாது. வேறு வகையில் யோசிக்க வேண்டும். மூன்றாவது, பிள்ளைகள் ஜனவரியில் காணாமல் போய் ஜூனில் திரும்புகிறார்கள் என்றால் அது செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் ஊர். அங்கே பள்ளி இருக்கும் இடத்தைவிடப் பெற்றோர் இல்லாத மாதங்களில் பிள்ளைகள் தங்க ஓர் இடம் கிடைப்பதுதான் பெரிய கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் "சேர்க்கை சரிவு" என்று பேசுகிறோம்.

இன்னொன்றும் நோட்டில் தெரியும். பிள்ளை ஐந்து வயதில் தனியார் பள்ளிக்குப் போவதில்லை. மூன்று, மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் போகிறது. போன பிறகு ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அபூர்வம். அதனால்தான் ஜூன் மாதம் மேளம் அடித்து ஊர்வலம் போவதில் பெரிய பயன் இருப்பதில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த அம்மா முடிவெடுத்துவிட்டார். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அரசே பணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்க்கும் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலேயே உள்ளே போய்விடுகிறார்கள். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது இந்தக் காரணத்தால்தான். உங்கள் ஊருக்கு அது வரவில்லையென்றாலும், அங்கன்வாடியில் எழுத்தும் பாட்டும் ஒழுங்காக நடக்கிறதா, மூன்று வயதுப் பிள்ளைகள் காலையில் அங்கே வந்து உட்காருகிறார்களா என்பதைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அங்கன்வாடிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் போனார்கள் என்று கேளுங்கள், திட்டாதீர்கள்

வேனில் அனுப்பும் பெற்றோரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது ஒரு பயனும் தராது. அவர்களும் கடன் வாங்கித்தான் பீஸ் கட்டுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அது பல நேரம் ஆங்கில வழி, டை, பெல்ட் சமாச்சாரமாக இருக்காது. "ஒரே டீச்சர், அவங்க மீட்டிங் போனா அன்னைக்கு ஸ்கூலே இல்ல." "பாத்ரூம்ல தண்ணி வராது, பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது?" "என் பையன் வகுப்புல அவன் ஒருத்தன்தான்." இப்படித்தான் பதில் வரும்.

சில ஊர்களில் கட்டடமே காரணமாக இருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. அது அவசியமான உத்தரவு. ஆனால் இடித்த வேகத்தில் எல்லா இடத்திலும் புதுக்கட்டடம் எழும்பவில்லை. மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்தால் பெற்றோர் எத்தனை நாள் பொறுப்பார்கள்? உங்கள் ஊர் அப்படிப்பட்டதென்றால், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் உங்கள் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இணைப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

காரணங்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஊரே சரிசெய்யக்கூடியது, அலுவலகம் சரிசெய்ய வேண்டியது. கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர், பள்ளிக்குப் போகும் வழியில் தெருவிளக்கு இதெல்லாம் ஊராட்சியிலேயே முடியும். இரண்டாவது ஆசிரியர் கேட்டு எழுத வேண்டியது அலுவலகத்துக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் இரண்டுதான். மாற்றுப் பணியில் போனவரைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க இந்த ஒரு வரி போதும்.

சலுகைகளைச் சொல்லி ஆள் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் இவையெல்லாம் 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. "ஒண்ணாம் வகுப்பிலேயே சேர்த்தால்தான் கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த ஒரு பெற்றோர் எழுந்து மறுத்தால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கில் வருவது அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு. காலை உணவும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 1

இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுகிறார்கள், பணி நிரவலும், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதும், அதை வைத்துத்தான் நடக்கிறது. ஆகஸ்ட் 10-ம் தேதி நாலு பிள்ளைகள் வந்து சேர்ந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அந்த வருடக் கணக்கில் அது உதவாது. மானியமும் தலைக்கணக்கில்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 வரை 25,000 ரூபாய். சுண்ணாம்பு அடிக்கவும் மின்விசிறி மாற்றவும் சின்னப் பள்ளிக்கும் அதே செலவுதான் ஆகிறது. சின்னப் பள்ளி மேலும் பொலிவிழக்க இதுவும் ஒரு காரணம்.

வழியை நடந்து பாருங்கள்

தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. அது நடக்கும் தூரம். அலுவலகத்தில் வரைபடத்தில் கோடு போட்டு "900 மீட்டர்தான்" என்று சொன்னால், எந்த வழியாக என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை நாளில் காலை எட்டேகாலுக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் அதன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில் நடங்கள். பையை அந்தப் பிள்ளையே தூக்கட்டும். கைப்பேசியில் நேரத்தைப் பாருங்கள். பெரியவர் பத்து நிமிடத்தில் நடப்பதை ஆறு வயதுப் பிள்ளை இருபது நிமிடத்தில் நடக்கும், நடுவில் ஓர் இடத்தில் செருப்பு அறுந்து நிற்கும். ஓடை குறுக்கே வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் அதில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று அங்கே மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். நான்குவழிச் சாலை இருந்தால் பிள்ளை கடக்கும் இடத்தில் நின்று ஒரு லாரி போவதை வீடியோ எடுங்கள். ரயில்வே கேட், கிணற்று மேடு, மது அருந்துபவர்கள் உட்காரும் இடம், நாய்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாலை நாலரைக்கு அதே வழியில் திரும்பி வாருங்கள். காலையில் பார்க்காத சிலது மாலையில் தெரியும்.

இந்தக் குறிப்புக்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. கரடுமுரடான நிலம், நிலச்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, சிறு பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து இவை இருக்கும் இடங்களில் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே சொல்கின்றன. சமூக, பண்பாட்டுக் காரணங்களால் எந்தப் பிள்ளைக்கும் பள்ளி எட்டாமல் போகக் கூடாது என்றும் அவை சொல்கின்றன.

அந்தக் கடைசி வரியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நம் ஊர்களில் இரண்டு பள்ளிகளை இணைப்பது என்றால், காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகத் தினமும் நடக்க வேண்டும் என்றோ, ஊர்த்தெருக்காரர்கள் காலனியில் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்றோ ஆகிறது. முதலாவதில் பிள்ளைகள் வழியில் சாதியைச் சொல்லும் வசை கேட்கிறார்கள். இரண்டாவதில் ஊர்த்தெருக்காரர்கள் சத்தமில்லாமல் வேன் பிடித்துக்கொள்கிறார்கள், எண்ணிக்கை மறுபடி சரிகிறது. 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவர் வீட்டிலேயே சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, பள்ளிகளில் சாதியைப் பற்றி அரசே அறிக்கை வாங்கும் அளவுக்கு இது நடப்பு விஷயம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். காலனிப் பெற்றோரைத் தனியாகப் பார்த்து, அவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் அந்த ஒரு சொல்லுக்கு மற்ற எல்லா எண்ணையும்விட மதிப்புக் கொடுங்கள்.

இரண்டு வகுப்பறையிலும் உட்காருங்கள்

இணைப்பே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நாலு பிள்ளைகள் நாலு வகுப்பில், ஒரே ஆசிரியர் என்றால் அந்தப் பள்ளி ஊருக்குப் பெருமையாக இருக்கலாம், பிள்ளைக்கு நியாயமாக இருக்காது. மூன்றாம் வகுப்பில் தனியாக இருக்கும் பிள்ளைக்குக் கூடப் படிக்க ஆளில்லை, சண்டை போடவும் ஆளில்லை, கபடிக்கு அணி சேராது. ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து யாரையாவது அனுப்பும்வரை கதவு திறக்காது.

ஆனால் சின்னப் பள்ளி என்றாலே மோசமான பள்ளி என்பதும் சரியில்லை. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காருவது புதிதல்ல. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறது. இரண்டு ஆசிரியர், பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தினமும் வாய்விட்டு வாசிக்கும். முப்பத்தைந்து பேர் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு வாரத்தில் ஒரு முறை கிடைத்தால் அதிகம்.

அதனால் போய்ப் பாருங்கள். உங்கள் பள்ளியில் அரை நாள், இணைக்கப்போவதாகச் சொல்லும் பள்ளியில் அரை நாள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே எத்தனை அறை, எத்தனை ஆசிரியர் உண்மையில் வகுப்பில் இருக்கிறார்கள், புதிதாகப் பன்னிரண்டு பேர் வந்தால் எங்கே உட்காருவார்கள், கழிப்பறை எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு பள்ளியிலும் அதே பத்தி. இதில் எந்தப் பள்ளி தேறுகிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசும் பெற்றோரின் பேச்சுக்கு அலுவலகத்தில் தனி மரியாதை கிடைக்கும்.

என் அளவுகோலைக் கேட்டால் சொல்கிறேன். நோட்டுக் கணக்கில் அடுத்த ஐந்து வருடத்துக்கும் பிள்ளைகள் ஏழெட்டைத் தாண்டப் போவதில்லை, வழி பாதுகாப்பானது, அந்தப் பள்ளி நன்றாக நடக்கிறது, காலனியும் சம்மதிக்கிறது என்றால் இணையுங்கள், தயங்காதீர்கள். இந்த நாலில் ஒன்று பொய்த்தாலும் எதிர்த்து நில்லுங்கள். மலைக் கிராமங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே மூன்று பிள்ளைகள் இருந்தாலும் பள்ளி இருக்க வேண்டும்.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். ராஜஸ்தானில் 2014-ல் ஏறத்தாழ 17,000 பள்ளிகளை ஒரே வீச்சில் இணைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் 50 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளை இணைக்க உத்தரவு வந்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள், எதிர்ப்பு பெருகியது. கடைசியில் 1 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பள்ளிகளை இணைக்க மாட்டோம் என்று அரசு சொல்ல வேண்டிவந்தது. முதல் நாளே வழியை நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய விஷயம் அது.

காகித வேலை

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் கடமை. உங்கள் நோட்டுக் கணக்கையும் வழிக் குறிப்பையும் அந்தத் திட்டத்தின் பகுதியாகச் சேருங்கள். கூட்டத் தீர்மானத்தில் "பள்ளி தொடர வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எத்தனை பிறப்பு, எத்தனை பேர் அடுத்த ஜூனில் சேர ஒப்புக்கொண்டார்கள், அவர்களின் பெற்றோர் கையெழுத்து, வழியில் என்ன ஆபத்து, என்ன கேட்கிறோம் என்று எண்களோடு எழுதுங்கள்.

அதையே கிராம சபையிலும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் கிராம சபை நடக்கும், தீர்மானம் செல்லும். அன்று பதிவேட்டில் தீர்மானம் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. தீர்மான நகலை வாங்கிப் பி.இ.ஓ., தொடக்கக் கல்வி மாவட்ட அலுவலர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், பின்தொடர வசதி.

அலுவலகம் எந்த அளவீட்டை வைத்து முடிவெடுத்தது என்று தெரியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஐந்து வருடச் சேர்க்கை விவரம், பள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்த அறிக்கை, மாற்றுப் பணி ஆணைகளின் நகல் என்று மூன்றையும் கேளுங்கள். இதற்குப் பிறகும் பிள்ளையின் உரிமை பாதிக்கப்பட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இணைப்பது என்று முடிவானால்

வாய்ச்சொல்லை நம்பி எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "வண்டி ஏற்பாடு பண்ணிடலாம் சார்" என்பது ஏற்பாடு ஆகாது.

வண்டி விஷயத்தில் தெளிவாக இருங்கள். தொலைவில் இருக்கும் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் வசதி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை திட்டத்தில் இடமுண்டு. வேலை நாள் கணக்கில் பார்த்தால் இது ஒரு நாளைக்கு முப்பது ரூபாய்கூட வராது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் இந்தப் பணத்துக்கு ஒப்புக்கொள்வாரா, பணம் நாலு மாதம் தாமதமாக வந்தாலும் ஓட்டுவாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கூட யார் ஏறுவார் என்பதும் முக்கியம். அது உங்கள் ஊர்ப் பெண்ணாக இருப்பது நல்லது. பிள்ளைகளை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும், ஒருவர் வரவில்லையென்றால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்.

காலை உணவை யாரும் யோசிப்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. வகுப்பு மணி அடிப்பதற்கு முன்பே பொங்கலோ உப்புமாவோ பரிமாறிவிடுவார்கள். வண்டி மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் தினமும் பட்டினியோடு வகுப்பில் உட்காருவார்கள். வண்டி நேரத்தை உணவு நேரத்தை வைத்துக் குறியுங்கள். உங்கள் பள்ளியில் காலை உணவு சமைத்த சுயஉதவிக் குழுப் பெண்கள், சத்துணவுச் சமையலர், உதவியாளர் இவர்களுக்கு எந்தப் பள்ளியில் வேலை என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

கல்வியாண்டின் நடுவில் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், ஜூனில்தான். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் பிள்ளையின் பெயரை மாற்றுவது இரண்டும் மே மாதத்திலேயே முடியட்டும். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு சொல்கிறது. முடிந்தால் ஏப்ரலில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு விளையாட்டு நாள் நடத்துங்கள். ஜூன் முதல் நாள் புது வாசலில் நிற்கும் பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

கட்டடத்தை மறந்துவிடாதீர்கள். பல ஊர்களில் பள்ளி நிலம் யாரோ ஒரு பெரியவர் தானமாகக் கொடுத்தது. பட்டா இன்னும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கலாம். பூட்டிய கட்டடம் இரண்டு மழைக்காலம் தாங்காது, மூன்றாவது வருடம் யாராவது வைக்கோல் அடுக்குவார்கள். அங்கன்வாடியை அங்கேயே நல்ல அறைக்கு மாற்றுவது, மாலை நேரப் படிப்பு மையம், நூலகம் என எது முடிவானாலும் தீர்மானத்தில் வரட்டும். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எந்தப் பள்ளிக்குப் போகின்றன என்றும் எழுதி வாங்குங்கள். பிறந்த தேதிச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் ஐம்பது வயதுக்காரர்கள்கூட அந்தப் பதிவேட்டைத் தேடி வருவார்கள்.

ஜூனுக்குப் பிறகு

இணைப்பால் படிப்பை விடும் பிள்ளை முதல் நாளே நிற்பதில்லை. முதலில் வாரம் ஒரு நாள் வராது, அப்புறம் வண்டி வராத நாளெல்லாம் வராது, தீபாவளிக்குப் பிறகு வரவே வராது. அதனால் உங்கள் ஊரிலிருந்து போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு, முதல் ஆறு மாதம் வாரா வாரம் புதுப் பள்ளியில் வருகையைக் கேளுங்கள். புதுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உங்கள் ஊர்ப் பெற்றோர் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதையும் இணைப்புக்கு முன்பே பேசி முடியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போங்கள். வண்டி நின்றுவிட்டது என்றால் எந்தத் தேதியிலிருந்து நின்றது என்று குறித்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கும் அதே மூன்று அலுவலகங்களுக்கும் அந்த வாரமே எழுதுங்கள்.